லயத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் புத்தகப்பை, சப்பாத்து, கொப்பி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எல்லாம் தேவையான பொருட்கள்தான். ஆனால் பாடப்புத்தகமும் சீருடையும் அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகக் கிடைப்பது நேரம், உட்கார இடம், பக்கத்தில் இருந்து பார்க்க ஒரு பெரியவர்.

பாடசாலை பகல் ஒன்றரை மணி போல விடுகிறது. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா லயத்துக்கு வந்து சேர நாலரை, ஐந்து ஆகிவிடும். நடுவில் இருக்கும் இந்த மூன்று மணி நேரத்தைத்தான் மாலை வகுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மா வந்த பிறகு படிக்கட்டுமே என்று நினைத்தால், லயத்துக் காம்பரா (அறை) பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு கட்டில், ஒரு அலுமாரி, அடுப்புப் புகை, ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி, ஐந்தாறு பேர். பிள்ளை இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) குப்புறப் படுத்து எழுதும். இருட்டியதும் கொப்பியை மூடிவிடும். வீட்டுப்பாடம் அரைகுறையாகத்தான் பள்ளிக்குப் போகும்.

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, அப்புத்தளை, பசறை, லுணுகலை என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் அடிப்படை ஒன்றுதான். அதை எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

முதலில் நடந்து பாருங்கள்

எந்தத் திட்டமும் எழுதாமல், தோட்டத்தின் ஒரு டிவிசனை (பிரிவை) மட்டும் எடுத்துக்கொண்டு, சில வாரங்கள் பின்னேரங்களில் போய் வாருங்கள். பிள்ளைகள் எத்தனை மணிக்கு வருகிறார்கள், எந்த லயத்திலிருந்து எவ்வளவு தூரம், யார் தம்பி தங்கச்சியை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், யார் பள்ளிக்கே போகவில்லை என்று கவனியுங்கள். 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016இல் சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் ஒன்பதாம் பத்தாம் தரத்தில் நின்றுவிட்ட பிள்ளைகள் ஒவ்வொரு டிவிசனிலும் இருப்பார்கள். அவர்களை முதல் நாளிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மாரிடம் பேசுவதானால் அவர்களுக்குத் தோதான நேரம் பார்க்க வேண்டும். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) ஓடும்போது மறித்துக் கேட்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சாமான் வாங்கக் கடைக்குப் போய்வந்த பிறகு, ஒரு சாயத்தண்ணியோடு உட்கார்ந்து பேசலாம். "பிள்ளைக்கு என்ன வேணும்னு நீங்க நெனைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பேசவிட்டுக் கேளுங்கள்.

யாரிடம் அனுமதி கேட்பது

தோட்டத்துக்குள் எதைச் செய்வதானாலும் துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, தெரிய வேண்டும். 1992இலிருந்து பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. கட்டடமும் பாதையும் அவர்கள் பொறுப்பு. எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து எழுத்திலேயே அனுமதி வாங்குங்கள். என்ன நாள், என்ன நேரம், எந்தக் கட்டடம், யார் பொறுப்பு என்பவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். அதே கடிதத்தின் பிரதியைக் கிராம உத்தியோகத்தருக்கும் பக்கத்துப் பாடசாலை அதிபருக்கும் கொடுங்கள். பாடசாலைக் கட்டடத்தையே பாவிக்கப் போகிறீர்கள் என்றால் அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் வேண்டும்.

ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று தொழிற்சங்கங்களுக்குத் தலைவர்மார் இருப்பார்கள். எல்லோரையும் ஒரே நாளில், முடிந்தால் ஒன்றாக வைத்துச் சந்தியுங்கள். ஒருவரை மட்டும் பார்த்தால் வகுப்பு அந்தச் சங்கத்து வகுப்பாகிவிடும். மற்றச் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் வரமாட்டார்கள். தேர்தல் காலத்தில் வகுப்பில் எந்தப் படமும் கொடியும் தொங்கக்கூடாது என்பதையும் அன்றே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் மனத்தாங்கல் வரும்.

இடம்

புதிதாக எதையும் கட்டாதீர்கள். பாலர் பாடசாலைக் கட்டடம் மத்தியானத்துக்குப் பிறகு சும்மா இருந்தால் அதுதான் மிக நல்லது. மலசலகூடமும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கும். அடுத்தது வாசிகசாலை அல்லது சமூக மண்டபம். கோயில் மண்டபம் கிடைப்பது சுலபம். ஆனால் வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பங்களின் பிள்ளைகள் தயங்குவார்கள் என்பதால் நான் அதைக் கடைசியாகத்தான் வைப்பேன். பிள்ளை மடுவம், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகம், தாய்மார் வரும்வரை கைக்குழந்தைகளால் நிறைந்திருக்கும், அதைக் கேட்க வேண்டாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வழியையும் பாருங்கள். தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதை கிட்டவாக இருக்கலாம், ஆனால் குளவிக் கூடு இருக்கும் பாதையில் பிள்ளைகளை அனுப்ப முடியாது. லயத்திலிருந்து பிள்ளை தனியாக நடந்துவரக்கூடிய தூரத்தில் வகுப்பு இருக்க வேண்டும். மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் சேர்த்து நடுவில் ஒன்று வைப்போம் என்பார்கள். அப்படி வைத்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் சின்னப் பிள்ளைகள் வராமல் போவார்கள்.

யார் நடத்துவது

இதில்தான் முழு வகுப்பும் தங்கியிருக்கிறது. அந்தத் தோட்டத்திலேயே, அல்லது பக்கத்துத் தோட்டத்தில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளையைத் தேடுங்கள். பரீட்சை முடிவு வரும்வரை, பிறகு பல்கலைக்கழகமோ கல்வியியற் கல்லூரியோ கிடைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கையில் வருமானம் இல்லாததால் கொழும்புப் பக்கம் கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போய்விடுகிறார்கள். அப்படிப் போக இருக்கும் ஒரு தங்கச்சியை மாதக் கொடுப்பனவு கொடுத்து இங்கேயே நிறுத்திவைத்தால் வகுப்புக்கு ஆள் கிடைக்கும். அவரும் தன் மேற்படிப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டாயம் சம்பளம் கொடுங்கள். சேவை மனப்பான்மை என்று சொல்லி ஏழை வீட்டுப் பிள்ளையிடம் இலவசமாக வேலை வாங்குவது அநியாயம். பிள்ளைகள் "அக்கா" என்று கூப்பிடும் அந்த ஒருவர் அடிக்கடி மாறினால் வகுப்பு நிலைக்காது. உங்களிடம் இருக்கும் பணம் ஒருவருக்கு ஒரு வருடம் கொடுக்கத்தான் போதும் என்றால், மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அதைச் செய்யுங்கள். மேசை நாற்காலி வேண்டாம், பாய் போதும். முடிந்தால் இரண்டு பேரை வையுங்கள். ஒருவர் பெரிய பிள்ளைகளோடு, மற்றவர் சின்னவர்களோடு இருக்கலாம்.

வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ இரண்டு வாரம் வந்து படிப்பிக்க விரும்புகிறவர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் வருகிறார்கள். அவர்களைப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்துவதைவிட அக்காமாருக்குப் பயிற்சி கொடுக்க, வாசிப்பு அட்டைகள் செய்ய, கணக்கு விளையாட்டுகள் தயாரிக்கச் சொல்லுங்கள். அவர்கள் போன பிறகும் அந்த வேலை வகுப்பில் இருக்கும்.

முதல் வாரம்: வாசிக்கச் சொல்லுங்கள்

பதினைந்து இருபது பிள்ளைகளோடு தொடங்கினால் போதும். பெயர், லயம், தரம், வீட்டுத் தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் இடாப்பில் (பெயர்ப் பதிவேட்டில்) பதிந்துகொண்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நான்கு அட்டைகள் வேண்டும். ஒன்றில் எழுத்துகள், ஒன்றில் சின்னச் சொற்கள், ஒன்றில் நாலு வரிப் பந்தி, கடைசியில் ஒரு குட்டிக் கதை. இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு அமைப்பு கிராமம் கிராமமாகப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிப்பது ஏறக்குறைய இந்த முறையில்தான். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம்கூட எடுக்காது.

இந்தச் சோதனையில் உங்களைத் திகைக்க வைக்கும் பிள்ளைகள் வருவார்கள். ஆறாம் தரத்துக் கொப்பியைத் திறந்தால் எழுத்து மணி மணியாக இருக்கும், சிவப்புப் பேனையால் சரி போட்டிருக்கும், கோடு தாண்டாத வரிகள். "இந்த வரியை வாசிங்க பார்ப்போம்" என்றால் பிள்ளை கொப்பியைப் பார்க்கும், உங்களைப் பார்க்கும், உதடு அசையாது. கரும்பலகையில் இருந்ததைப் படம் வரைவதுபோல் பார்த்து எழுதப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் திரும்ப வாசிக்கச் சொல்லாதீர்கள். "சரி, நாளைக்குச் சேர்ந்து வாசிப்போம்" என்று சொல்லிவிட்டு, அட்டையில் எந்த இடத்தில் நின்றது என்று மட்டும் குறித்துவையுங்கள்.

அப்புறம் பள்ளித் தரத்தை மறந்துவிட்டு, வாசிப்பு நிலையைப் பார்த்துப் பிரித்து உட்கார வையுங்கள். எழுத்துத் தெரியாத மூன்றாம் தரமும் எழுத்துத் தெரியாத ஆறாம் தரமும் ஒரு பாயில் இருக்கலாம். பெரிய பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும் என்பது உண்மைதான். அதற்காக அந்தப் பிள்ளைக்குச் சின்னவர்களுக்கு அட்டை காட்டும் வேலையைக் கொடுங்கள். காட்டிக் காட்டியே தானும் படித்துவிடும்.

வாசிக்கப் பழக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, பிள்ளை சொல்வதையே எழுதிக் கொடுப்பது. "நேத்து மழயில எங்க லயத்து தகரம் பறந்திருச்சி" என்று பிள்ளை சொல்கிறதா? அதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதுங்கள். தன் வாயில் வந்த வரி என்பதால் பிள்ளை அதைத் தட்டுத் தடுமாறியாவது வாசித்துவிடும். அடுத்த நாள் கீழே "நேற்று மழையில் எங்கள் லயத்துத் தகரம் பறந்துவிட்டது" என்று எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க விடுங்கள். வீட்டுப் பேச்சு பிழை என்று எந்தக் கட்டத்திலும் சொல்ல வேண்டாம். கெ, கே, கொ, கோ என்று கொம்பு மாறும் இடங்களிலும் ர, ற, ல, ள, ழ வரும் இடங்களிலும்தான் அதிகம் தடுமாறுவார்கள். அவற்றுக்குத் தனியாகச் சொல் அட்டைகள் செய்துகொள்ளுங்கள்.

கணக்கையும் வீட்டுக்குப் பக்கத்திலிருந்து எடுக்கலாம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் ஒருவர் மாதம் 22 நாள் வேலை செய்தால் எவ்வளவு? 29,700 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழித்தால் 2,376 ரூபா போய் 27,324 ரூபா. பெருக்கல், கழித்தல், சதவீதம் மூன்றும் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன. கற்பனைச் சம்பளச் சீட்டைத்தான் பாவிக்க வேண்டும். பிள்ளையின் அம்மாவுடைய சீட்டைக் கொண்டுவரச் சொல்லக்கூடாது. அந்த வீட்டுக் கடன் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்

இரண்டரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடித்தால் பெரும்பாலான இடங்களுக்குச் சரியாக இருக்கும். முதல் வேலை கை கழுவிச் சாப்பாடு. 2016இல் எடுத்த மக்கள்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். அந்தப் பிள்ளைகள்தான் இன்று உங்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிஸ்கட் பக்கற்றை விட்டுவிட்டு அவித்த பயறு, கடலை, கௌப்பி, வாரத்தில் ஒரு நாளாவது முட்டை என்று கொடுங்கள். இலைக்கஞ்சியும் நல்லது. சமைப்பதை ஓய்வுபெற்ற ஒரு பாட்டியிடம் சிறு கொடுப்பனவோடு ஒப்படைக்கலாம். வேலைக்குப் போகும் தாய்மாரை முறை வைத்துக் கூப்பிட்டால் அவர்களுக்கு ஒரு நாள் பேர் (அன்றைய வேலைப் பதிவும் சம்பளமும்) போய்விடும்.

சாப்பிட்டபின் அரை மணி நேரம் வாசிப்பு, அடுத்து வீட்டுப்பாடம், பிறகு கணக்கு. கடைசி இருபது நிமிடம் விளையாட்டோ பாட்டோ கட்டாயம் இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் சிங்களம் பேசப் பழக்குங்கள். பஸ் பலகை, கடைப்பேச்சு, ஆஸ்பத்திரியில் கேட்கும் கேள்விகள் இவற்றிலிருந்து தொடங்கலாம். மழை பெய்தால் தகரக் கூரைக்குக் கீழே பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. அந்த நாட்களுக்கென்று எழுத்து வேலை, படம் வரைதல், அட்டை அடுக்குதல் என்று தனியாக ஒரு பெட்டி வைத்திருங்கள்.

தம்பி தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வரும் அக்காமாரைத் திருப்பி அனுப்பாதீர்கள். பத்து பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள் வகுப்பைவிட்டு நிற்பதற்கு இதுதான் பெரிய காரணம். ஒரு மூலையில் பாய் விரித்து, நாலு விளையாட்டுச் சாமான் போட்டால் சின்னது அங்கே இருக்கும், அக்கா படிக்கும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பற்றி ஒரு வார்த்தை. பெற்றார் அதைத்தான் முதலில் கேட்பார்கள். நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போக அது ஒரு வழி என்பதால் அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆனால் வகுப்பை அந்தப் பரீட்சைக்கான டியூசனாக மாற்றிவிட்டால், கெட்டிக்காரர் நாலு பேரோடு நின்றுவிடும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் போக வேறு இடமே இருக்காது. புலமைப்பரிசில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

இதில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம். வகுப்பு நடக்கும்போது எப்போதும் பெரியவர் இரண்டு பேர் இருக்க வேண்டும், சமைக்கும் பாட்டியையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். கதவு திறந்தே இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கவோ, தனியாக எங்கும் கூட்டிப் போகவோ கூடாது. துரை அனுப்பியவரானாலும் பணம் கொடுத்தவரானாலும் இதே சட்டம்தான். அடிப்பது, காதைத் திருகுவது, முட்டுக்காலில் நிறுத்துவது எதுவும் இல்லை.

பணம் கொடுப்பவர்கள் படம் கேட்பார்கள். கிழிந்த சட்டையோடு ஒரு பிள்ளையின் முகத்தை அனுப்பினால் பணம் கூடுதலாக வரும் என்பதும் உண்மை. அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு வளர்ந்து அந்தப் படத்தைப் பார்க்கும். கொப்பியின் பக்கத்தை, பிள்ளை வரைந்த ஓவியத்தை, கைகளை மட்டும் படம் எடுத்து அனுப்பலாம். பிள்ளையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒன்றாகப் போடக்கூடாது.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் குறுக்கே கேள்வி கேட்காமல் முழுதும் கேளுங்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். முதல் மாதத்திலேயே அவர்களைச் சந்தித்து வைத்துக்கொண்டால், பிரச்சினை வந்த நாளில் யாரைத் தேடுவது என்று அலைய வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தைச் சுவரில் பிள்ளைகளுக்குத் தெரியும் உயரத்தில் எழுதிவையுங்கள். விஷயத்தைத் தோட்டத்துக்குள்ளேயே பேசித் தீர்ப்போம் என்று யாராவது வருவார்கள். சம்மதிக்காதீர்கள்.

மழைக்காலம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை அடைமழை. பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் வருடக் கடைசியில்தான் பெருமழை. அதற்கேற்ப நேரத்தை மாற்றுங்கள். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. பள்ளிக்குப் போயிருந்ததால் உயிர் தப்பி, வீடு இருந்த இடத்தில் மண்ணைப் பார்த்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியும் மலைநாட்டை அப்படித்தான் பிளந்து போட்டது. எனவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்த நாளில் வகுப்பு இல்லை என்று எழுதிவைத்துவிடுங்கள். இடாப்பின் ஒரு பிரதி அக்காவின் வீட்டிலும் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990.

பணமும் பதிவும்

பெற்றார் மூவர், ஒரு ஆசிரியர், நடத்தும் அக்கா என்று சிறு குழுவை அமையுங்கள். வங்கிக் கணக்கு குழுவின் பெயரில், இரண்டு கையொப்பத்தோடு இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை வரவு செலவைத் தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தன்னார்வ சமூக சேவை நிறுவனங்களுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுப் பணம் எடுப்பதானால் பதிவு முடியும்வரை பொறுத்திருங்கள்.

வகுப்போடு வந்து சேரும் வேலைகள்

பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை, பெயர் பிழையாகப் பதியப்பட்ட பிள்ளை, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்காமல் சாதாரண தரப் பரீட்சைக்கு வந்து நிற்கும் பிள்ளை என்று உங்களிடம் வருவார்கள். இதற்கென்று மாதத்தில் ஒரு பின்னேரம் ஒதுக்கி, படிவங்களை நிரப்பிக் கொடுங்கள், நடமாடும் சேவை வரும் திகதியைச் சொல்லுங்கள். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லாமல் கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்திலேயே கிடப்பது நெடுநாள் குறை. பரீட்சை, நேர்முகத் தேர்வுக் கடிதங்களை எதிர்பார்க்கும் மாதங்களில் அலுவலகத்தில் போய்க் கேட்கும் வேலையை ஒருவரிடம் கொடுங்கள்.

திருவிழா, காமன் கூத்து, தீபாவளி வாரங்களில் வரவு விழும். அதற்காகக் கோபிக்க வேண்டாம். அந்த நாட்களை முன்கூட்டியே விடுமுறையாகப் போட்டுவிடுங்கள். மற்ற நாட்களில் ஐந்தே பிள்ளைகள் வந்தாலும் அதே இரண்டரைக்குக் கதவைத் திறக்க வேண்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் அக்கா அன்று மாலையே லயத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். காய்ச்சலாக இருக்கலாம், சப்பாத்து பிய்ந்திருக்கலாம், கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பும் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். மூன்றாவதாக இருந்தால் தாயோடும் தகப்பனோடும் உட்கார்ந்து பேசுங்கள், அதிபரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வருடம் முடியும்போது முதல் வாரத்தில் பாவித்த அதே நான்கு அட்டைகளை எடுத்து ஒவ்வொரு பிள்ளையையும் மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். பழைய குறிப்பையும் புதிய குறிப்பையும் தாய் தகப்பனுக்குத் தனித்தனியாகக் காட்டுங்கள், மேடையில் வேண்டாம். எழுத்திலிருந்து சொல்லுக்கு வந்திருந்தாலும் அது முன்னேற்றம்தான். அசையாமல் நிற்கும் பிள்ளைகளின் பெயரைத் தனித் தாளில் எழுதி, கண் பார்வையும் காது கேட்பதும் சரியா என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஜனவரி நேரசூசி போடும்போது அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, முதல் பாயை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.